ஒரு காலையும் நாலு காலும்

"குதிரைக்குப் பின்னால மட்டும் நின்னுடாதீங்க சார். மத்தபடி எங்க வேணும்னாலும் நில்லுங்க."

விடியற்காலை ஐந்தேகால். ஏப்ரல் மாதம். நுவரெலியா. கல்முனையில் இந்நேரம் மின்விசிறியைக் கடைசி எண்ணில் வைத்தும் தலையணை வியர்வையில் ஊறிக் கிடக்கும். இங்கே எனக்குப் பல் கிட்டுகிறது. மச்சானின் ஜெர்சியையும் பறித்து என் ஜெர்சிக்கு மேலே மாட்டியிருக்கிறேன். வைக்கோலும் மூத்திரமும் ஊறவைத்த தானியமும் கலந்த ஒரு வாசனைக்குள், பந்தயக் குதிரை ஒன்றிலிருந்து இரண்டு முழத் தூரத்தில் நிற்கிறேன். கை நடுங்குகிறது. பாதி குளிருக்கு, பாதி சந்தோஷத்துக்கு.

எப்படி உள்ளே வந்தேன் என்று கேட்பீர்கள். மச்சான் வான் ஓடுகிறவர். வருடம் தவறாமல் ஏப்ரலில் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு மொனராகலை, பதுளை, வெலிமடை என்று மலையேறுவார். சனம் கிரகரி வாவியில் படகு ஓட, இவர் லாயத்துப் பக்கம் போய்த் தேத்தண்ணி குடிப்பார். அப்படிப் பழக்கமானவர்தான் இந்தக் குதிரைக்காரர். மலையகத்து மனிதர், ஐம்பது வயதிருக்கும், பேச்சு குறைவு, கை நிறைய வேலை. பெயர் போட வேண்டாம் என்றார். லாயத்தின் பெயரும் வேண்டாமாம். சரி.

வீட்டில் சொல்லிவிட்டு வந்ததுதான் பெரிய பாடு. "பந்தயம் கட்ட இல்ல உம்மா, குதிரைட கால் பாக்கப் போறன்" என்றேன். உம்மா சோற்றைக் கிளறிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தா. "கால் பாக்கவா? மலைக்கு ஏறிப் போய்? பந்தயம் கட்டுறன் எண்டு சொல்லியிருந்தா ஏசியாவது இருப்பன்."

உண்மையாகக் கால் பார்க்கத்தான் போனேன். நுவரெலியாவின் குதிரைத் திடல் 1875ஆம் ஆண்டிலிருந்து இருப்பது. ஏப்ரலில் ஆளுநர் கிண்ணம் ஓடும்போது தொப்பி, கண்ணாடி, பட்டுச்சட்டை எல்லாவற்றையும் பத்திரிகைக்காரர்கள் படம் பிடித்துவிடுகிறார்கள். ஒருவரும் குனிந்து கீழே பார்ப்பதில்லை. இந்த ஊரில் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் மழை குறைவு. அந்த மாதங்கள் முடிந்த கையோடு ஓட்டம். காய்ந்து இறுகிய தரையில், என் மணிக்கட்டைவிடக் கொஞ்சம்தான் பருத்த கால்களில், ஐந்நூறு கிலோவுக்குக் கிட்டிய ஒரு உயிர் எப்படிப் பறக்கிறது? பறந்த பிறகு அந்தக் காலுக்கு என்ன செய்கிறார்கள்? வருடக்கணக்காக என் வாயில் ஊறிய கேள்வி இது.

குதிரைக்காரர் விளக்குக்கூடப் போடவில்லை. தீனி வைக்க முன்னர், தண்ணீர் மாற்ற முன்னர், முதல் வேலையாகக் குந்தினார். முன்னங்காலின் முழங்காலிலிருந்து கீழே உள்ளங்கையை மெதுவாக இறக்கினார். பிறகு மற்றக் கால். பிறகு திரும்பவும் முதல் கால். கண் மூடியிருந்தது. நாலு காலும் முடிய இரண்டு நிமிடம் எடுத்திருக்கும்.

"என்ன பார்க்கிறீங்க?"

"சூடு. ஒரு காலு மத்த காலைவிட சூடா இருந்துச்சுன்னா, அது என்னமோ சொல்லுதுன்னு அர்த்தம். வீங்கின பொறகு யாரு வேணும்னாலும் கண்டுபிடிப்பாங்க சார். வீங்குறதுக்கு முந்தின நாளு கண்டுபிடிக்கணும்."

பிறகு, அல்லாஹ், என் கையைப் பிடித்து அந்தக் காலில் வைத்தார்! குளிர்ந்து, வழுவழுப்பாக, உள்ளே முறுகிய கயிறு போல ஒன்று. கரைவலை இழுக்கும்போது கயிறு முறுகி நிற்குமே, அந்த விறைப்பு. அதுதான் தசைநாண். குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே தசையே கிடையாது. எலும்பு, நாண், தோல், அவ்வளவுதான். ஓட்டுகிற சதை எல்லாம் மேலே தோளிலும் தொடையிலும் இருக்கிறது. கீழே இருப்பது கயிறும் கம்பும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதைக் கேட்டுவிட்டுத்தான் நீங்கள் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். உங்கள் கையை மேசைமேல் வையுங்கள். நடுவிரலை மட்டும் ஊன்றி மற்ற எல்லாவற்றையும் தூக்குங்கள். அதுதான் குதிரை. முன்னங்காலில் நாம் முழங்கால் என்று சொல்கிற இடம் உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே ஒரு நீண்ட உள்ளங்கை எலும்பு, பிறகு ஒரே ஒரு விரல். குளம்பு என்பது அந்த நடுவிரலின் நகம். அதாவது திடலில் ஓடுகிற குதிரை ஒவ்வொன்றும் நாலு நகத்தில் ஓடுகிறது. இதை அறிந்த நாளிலிருந்து என்னால் எந்தக் குதிரையையும் பழைய மாதிரிப் பார்க்க முடியவில்லை.

முழுப் பாய்ச்சலில் ஒவ்வொரு காலும் செக்கனுக்கு இரண்டு தடவைக்கு மேல் தரையில் விழும். ஒரு கால் தனியாகத் தாங்குகிற கணம் ஒன்று வரும். அப்போது அதன்மேல் இறங்குவது உடல் எடையின் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 480 கிலோக் குதிரை என்றால் 1,200 கிலோ. எங்கள் சம்மாந்துறைக் கணக்கில் சொல்வதானால், மூட்டை 65 கிலோ என்று வைத்தாலும் 18 மூட்டை நெல். ஒரு நகத்தின்மேல்!

இதற்கெல்லாம் படைப்பிலேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது. குதிரைக்காரர் காலைத் தூக்கிக் குளம்பின் அடியைக் காட்டினார். நடுவில் முக்கோணமாக, பழைய ரப்பர் செருப்புப் போல ஒரு திண்டு. ஆங்கிலேயர் இதைத் 'தவளை' என்று அழைக்கிறார்கள். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தும் எனக்குத் தவளை தெரியவில்லை. கால் ஊன்றும்போது குளம்பின் பின்பக்கம் கொஞ்சம் விரியும், திண்டு அமுங்கும், அதிர்ச்சியில் ஒரு பங்கு அங்கேயே செலவாகிவிடும். அமுங்குகிற அதே அமுக்கத்தில் குளம்புக்குள் இருக்கிற இரத்தம் மேலே தள்ளப்படும். கால் தூக்கும்போது மீண்டும் நிரம்பும். நாலு காலிலும் நாலு பம்பி. நின்றபடியே நிற்கிற குதிரைக்குக் கால் வீங்குவதும், நடந்தால் வீக்கம் வடிவதும் இதனால்தான்.

தரை கல்லாக இருந்தால்? குளம்பு விழுகிற அந்த இமைப்பொழுதில் தரை கொஞ்சமாவது அமுங்கிக் கொடுத்தால் அதிர்ச்சியைப் பங்கு போட்டுக்கொள்ளும். காய்ந்த தரை பங்குக்கு வராது. வந்த அடியை வந்தபடியே திருப்பி அனுப்பும். அது குளம்பு, கணுக்கால், முழங்கால் என்று ஏறும். மூட்டுகளின் முனையில் இருக்கிற குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் இல்லை. ஆகவே ஒருமுறை தேய்ந்தால் சரியாக வளர்ந்து மூடுவதில்லை.

ஏழு மணிக்குப் பனி விலகியதும் திடலுக்குப் போனோம். அங்கே ஒருவர் ஊன்றுகோலோடு நடந்துகொண்டிருந்தார். உலாத்துகிறார் என்று நினைத்தேன். பத்து அடிக்கு ஒருமுறை நின்று கோலைப் புல்லில் குத்துகிறார், எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கிறார், நடக்கிறார். தரை பார்க்கிற ஆள்! நெடுங்காலமாகத் தரையை இப்படித்தான் அளந்திருக்கிறார்கள். இப்போது இங்கிலாந்தில் இதற்கென்றே மின்னணுக் கோல் இருக்கிறது. குத்தும்போது எவ்வளவு விசை தேவைப்பட்டது, சாய்க்கும்போது புல்வேர் எவ்வளவு பிடித்தது, இரண்டையும் சேர்த்து 1 முதல் 15 வரை ஒரு புள்ளி கொடுக்கும். 'கடினம்' என்று தரை அறிவிக்கப்பட்டால் அந்நாட்டில் தடைதாண்டும் ஓட்டம் நடத்த முடியாது.

தண்ணீர் ஊற்றினால் முடிந்தது கதை என்று நான் சொன்னேன். குதிரைக்காரர் சிரித்தார். "ஊத்துறதுன்னா ஒரே மாதிரி ஊத்தணும் சார். ஒரு எடம் மெத்து, அடுத்த எடம் கல்லுன்னா, அதுக்கு மொத்தமும் கல்லாவே இருந்துட்டுப் போகலாம்." கல்லென்று தெரிந்தால் குதிரை அதற்கேற்ற மாதிரிக் காலை வைக்கும், குறுக்கி ஓடும். மெத்தென்று நம்பி எடுத்து வைத்த அடுத்த அடி கல்லில் விழும்போதுதான் நாண் அறும். புல்லை ஒட்ட வெட்டாமல் நாலு விரற்கடை விட்டு வைப்பதும், முதல் நாள் மாலையே நீர் பாய்ச்சி இரவு முழுக்க ஊறவிடுவதும் இதற்காகத்தான். எங்கள் வட்டையில் போடியார்மார் தண்ணி பாய்ச்சுகிற கணக்கை ஒத்தது. மேட்டுக்கு ஏறாமல் பள்ளத்தில் தேங்கினால் வேளாண்மைக்கும் கேடு, குதிரைக்கும் கேடு.

இதற்குள் என் மண்டைக்குள் ஒரு தீர்மானம் உட்கார்ந்துவிட்டது: இறுகிய தரை எதிரி, மெத்தென்ற தரை நண்பன். அதையும் உடைத்தார்கள்.

முதலில் உடைத்தது ஒரு கிரேக்கன். கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டில் குதிரை வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் எழுதிய செனபோன், குதிரை வாங்கப் போகிறவன் முதலில் காலைப் பார்க்கவேண்டும் என்கிறான். அத்திவாரம் சரியில்லாத வீட்டோடு ஒப்பிட்டும் பேசுகிறான். அதே செனபோன், லாயத்தின் முற்றத்தில் வண்டி வண்டியாக உருண்டைக் கல்லைக் கொட்டி அதன்மேல் குதிரையை நிறுத்தச் சொல்கிறான்! குளம்பு உறுதிப்படுமாம்.

இரண்டாவது, நமது நெடுந்தீவு. யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலுக்குள் இருக்கிற அந்தத் தீவில் காட்டுக் குதிரைகள் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். போர்த்துக்கேயர் காலத்தோடும் ஒல்லாந்தர் காலத்தோடும் தொடர்புபடுத்திப் பேசப்படுகிற பரம்பரை அது. பழைய குதிரை லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. தரையோ முருகைக்கல். வேலிகூட முருகைக்கல்லால் அடுக்கியதுதான். அங்கே லாடம் அடிக்க ஆளில்லை, பன்டேஜ் சுற்ற ஆளில்லை. கல்லில் நடந்து நடந்து குளம்பு தானாகவே தேய்ந்து தானாகவே அளவுக்கு வருகிறது. கோடையில் அவற்றை வதைப்பது கல் அல்ல, குடிக்கத் தண்ணீர் இல்லாமை.

மூன்றாவது ஆள் விஞ்ஞானி. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர் டேவிட் நனமேக்கர், இளம் பந்தயக் குதிரைகளின் முன்கால் எலும்பில் வருகிற வலியையும் வெடிப்பையும் வருடக்கணக்காக ஆராய்ந்தார். மெதுவாக நெடுந்தூரம் ஓட்டிப் பழக்கிவிட்டு, ஒருநாள் திடீரென்று பந்தய வேகத்துக்கு விரட்டினால் எலும்பு தாங்காது. மாறாக, சின்னச் சின்னத் தூரத்துக்கு வேகமான ஓட்டத்தை வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு போனால், எலும்பு தனக்கு எந்தப் பக்கம் அடி விழுகிறதோ அந்தப் பக்கம் கூடுதலாகப் படிந்து தடிக்கும். எலும்பு என்பது செத்த கம்பு அல்ல. அது கணக்குப் பார்த்து வளர்கிற உயிர்.

ஆக, இறுக்கம் அல்ல குற்றவாளி. பழக்கமில்லாத இறுக்கம், அதன்மேல் வேகம், அதன்மேல் ஓய்வில்லாமை. மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால்தான் கால் போகிறது. தெரியாமலா கல்முனைக் கடற்கரையில் எங்கள் பொடியன்கள் ஓட்டப் பழக்கத்துக்கு ஈர மணலைத் தேடி ஓடுகிறான்கள்? தார் ரோட்டில் ஓடினால் முழங்கால் வலிக்கும், காய்ந்த பொடிமணலில் ஓடினால் குதிகால் நரம்பு இழுக்கும். குதிரைக்கும் அப்படியேதான். ஆழமான மணல் அதன் தசைநாணைக் கொன்றுவிடும்.

இனித்தான் நான் காத்துக்கொண்டிருந்த பகுதி. ஓடிவிட்டு வந்த குதிரை!

ஆவி பறக்கிறது. மூக்கு விரிந்து சுருங்குகிறது. பத்து நிமிடம் நடத்திய பிறகு ரப்பர்க் குழாயை எடுத்து முழங்காலுக்குக் கீழே தண்ணீர் அடிக்கத் தொடங்கினார்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், நிறுத்தவே இல்லை. மலைத் தண்ணீர், என் விரலை வைத்தால் விறைத்துப் போகிறது. பிறகு ஒரு பெட்டியிலிருந்து நொறுக்கிய ஐஸ். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வாடியில் சூரைக்குப் போடுகிற ஐஸ், இங்கே குதிரைக் காலுக்கு!

சிரிக்கிற விஷயமில்லை என்று பிறகு தெரிந்தது. ஓடும்போது அந்தத் தசைநாண் ரப்பர் போல இழுபட்டு இழுபட்டுச் சுருங்குகிறது. இழுபட்டதில் பெரும்பங்கு அடுத்த எட்டுக்கு உந்துதலாகத் திரும்பும், மிச்சம் சூடாகும். ஓடும் குதிரையின் நாணுக்குள் வெப்பத்தை அளந்தவர்கள் இருக்கிறார்கள்: 45 பாகை செல்சியஸ் வரை போகிறது. நமக்கு 40 வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். நாணில் இரத்த ஓட்டமும் குறைவு, சூட்டை அள்ளிக்கொண்டு போக ஆளில்லை. அதனால்தான் வெளியிலிருந்து தண்ணீர், ஐஸ், இருபது நிமிடம். ஓட்டத்தின்போது கால் உறை மாட்டுகிறவர்கள்கூட, வந்தவுடன் அதைக் கழற்றுவது இதற்காகத்தான். உறை அடியைத் தடுக்கும், சூட்டையும் உள்ளேயே வைத்துக்கொள்ளும்.

காலைத் துடைத்தபின் ஒரு வாளியில் வெள்ளைக் களிமண். எங்கள் வீட்டுப் பெண்கள் முகத்துக்கு முல்தானி மிட்டி பூசுகிற அதே பக்குவத்தில் அதைக் காலில் பூசி, ஈரக் காகிதம் சுற்றி, பஞ்சு வைத்து, அதற்குமேல் பன்டேஜ். என்னையும் ஒரு சுற்றுச் சுற்ற விட்டார்கள்! நான் இறுக்கினேன். உடனே கையைத் தட்டிவிட்டார்.

"ஒரு விரல் உள்ள போகணும் சார். இறுக்கிக் கட்டுனா காலுக்கு காவல் இல்ல, கொலை."

பஞ்சு இல்லாமல் இறுக்கினாலும், ஓரிடம் இறுகி ஓரிடம் தளர்ந்தாலும் நாணில் தழும்பு விழும், ஓடாமலே குதிரை நொண்டும். சாரன் உடுக்கிற மாதிரி நினைத்துக்கொண்டேன்: மருதமுனைச் சாரன், விழவும் கூடாது, மூச்சு முட்டவும் கூடாது. இரண்டாவது தடவை சரியாக வந்தது. ஒரு பந்தயக் குதிரை நான் கட்டிய கட்டோடு அரை நாள் நின்றது என்பதை இந்த எழுத்து மூலம் உலகத்துக்கு அறிவிக்கிறேன்.

லாடம் அடிக்கிறவரையும் கண்டேன். நான் சின்னப் பிள்ளையில் கண்டது வண்டில்மாட்டுக்கு லாடம் அடிக்கிறதைத்தான். மூத்தவாப்பாவின் மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, பிளவுக் குளம்பு என்றபடியால் ஒரு காலுக்கு இரண்டு தகடாக எட்டுத் தகடு. மாடு கத்துகிற கத்தலில் நான் உம்மாவின் பின்னால் ஒளிவேன். இங்கே குதிரை தானாகவே காலைத் தூக்கிக் கொடுத்தது, வளையலுக்குக் கை நீட்டுகிற பெண்பிள்ளை மாதிரி. ஓட்டத்துக்கு அடிப்பது இரும்பு அல்ல, அலுமினியம். தூக்கிப் பார்த்தேன், பிஸ்கட் பக்கற்றின் கனம்தான். ஆணி இறங்குவது உணர்ச்சியில்லாத நகச் சுவரில்.

லாடத்தைவிட முக்கியம், அதற்கு முன்னர் அரத்தால் குளம்பை எப்படிச் சீவுகிறார் என்பது. குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீற்றர் அளவில் வளரும். நுனி நீண்டு குதி தாழ்ந்துவிட்டால், குதிகால் உயர்ந்த செருப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடுகிற கதை, பின் நாண் ஒவ்வொரு எட்டிலும் கூடுதலாக இழுபடும். ஆகவே நாலு முதல் ஆறு கிழமைக்கு ஒருமுறை கழற்றிச் சீவி அடிக்கவேண்டும். பந்தயம் தோற்றது ஓட்டியால் என்று சனம் ஏசிக்கொண்டிருக்கும். சில வேளை அது அரத்தால் தோற்றிருக்கும்.

இந்த லாடக்காரர்கள் இல்லாமல் நமது தமிழ்க் கரையில் ஒரு பேரழிவே நடந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், அரபுக் கரையிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் காயல் துறையில் இறங்கின. ஒரு குதிரை 220 பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். வழியில் கடலில் செத்ததற்கும் மன்னன் காசு கொடுத்தானாம். அவ்வளவு கொடுத்து வாங்கியவை வருடம் முடிய முன்னரே மடிந்தன. மார்க்கோ போலோ சொல்கிற காரணம்தான் சுவை: இங்கே லாடமும் வைத்தியமும் தெரிந்த ஆளில்லை, குதிரை வியாபாரிகளோ அப்படிப்பட்ட ஆட்களை இந்தப் பக்கம் வரவிடுவதில்லை. குதிரை சாகச் சாகத்தானே புதுசு விற்கலாம்! இந்த நாட்டில் பிறக்கிற குட்டிகள் கால் கோணிப் பிறக்கின்றன என்றும் எழுதி வைத்திருக்கிறார். அந்த வியாபாரிகளில் பலர் நம் மார்க்கத்துக்காரர்கள் என்பதை நினைக்கக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. தமிழகத்தில் ராவுத்தர் என்கிற பெயரே குதிரை வீரர் என்கிற பொருளில் வந்தது.

சின்ன வயதில் மத்ரசாவில் ஓதிய 'ஆதியாத்' அத்தியாயம் ஓடும் குதிரைகள்மேல் சத்தியம் செய்துதான் தொடங்குகிறது. குளம்பு பட்டுத் தீப்பொறி பறப்பது அதில் வரும். அப்போது லெப்பையிடம் கேட்டேன்: "பொறி பறந்தா குதிரைக்கு நோகாதா?" ஒரு பிரம்படிதான் பதிலாகக் கிடைத்தது. இத்தனை வருடம் கழித்து, மலையில், ஐஸ் வாளிக்கு முன்னால் நின்றுகொண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: நோகும்.

திரும்பும் வழியில் மச்சான் கேட்டார்: "அப்ப எங்கட பக்கம் குதிரை வளக்க ஏலாதா? கச்சான் காத்து அடிக்கிற ஆடி மாசத்தில நிலம் பாளம் பாளமா வெடிக்குதே." நான் ரெட் ரம் என்கிற பந்தயக் குதிரையின் கதையைச் சொன்னேன். இங்கிலாந்தில் பிறந்த குதிரை அல்ல அது, அயர்லாந்தில் பிறந்தது. குளம்புக்குள் இருக்கிற எலும்பில் அழற்சி, ஓட்டத்துக்கு உதவாது என்று சொல்லத்தக்க நோய். அதை வாங்கிய ஜிஞ்சர் மெக்கெய்ன் ஒரு கார் வியாபாரி, சவுத்போர்ட் என்கிற கடற்கரை ஊரில் கடைக்குப் பின்னால் லாயம் வைத்திருந்தவர். வந்த புதிதில் குதிரை நொண்டியது. நேரே கடலுக்குள் இறக்கினார். நடந்து வெளியே வந்தபோது நொண்டவில்லை. அதற்குப் பிறகு தினமும் அலையோரத்து ஈர மணலில்தான் பயிற்சி. ஓடிவிட்டு உப்புத் தண்ணீருக்குள் நிற்கும். அந்தக் கால் சரியில்லாத குதிரை கிராண்ட் நாஷனல் என்கிற உலகத்தின் கடினமான தடைதாண்டும் ஓட்டத்தை 1973, 1974, 1977 என்று மூன்று தடவை வென்றது. வேறெந்தக் குதிரையும் அதை மூன்று தடவை வென்றதில்லை. அயர்லாந்தில் லேடவுண் என்ற ஊரில் 1868இலிருந்து கடற்கரையிலேயே பந்தயம் நடக்கிறது, வருடத்தில் ஒருநாள், கடல் வற்றிய நேரம் பார்த்து.

மச்சான் வானை ஓரத்தில் நிறுத்திவிட்டார். "அப்ப சாய்ந்தமருதுக் கடக்கரை?" ஈர மணலும் இருக்கிறது, உப்புத் தண்ணீரும் இருக்கிறது, குதிரைதான் இல்லை என்றேன். வீடு வரும் வரை அந்த மனிதர் குதிரை விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அவர் மனைவியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, இதை அவ வாசித்தால் அது என் விதி.

ஒன்றை மட்டும் இந்தக் குதூகலத்துக்குள் மறைக்க மனமில்லை. நுவரெலியாவில் நாம் எல்லோரும் கிட்டத்தில் காண்கிற குதிரை இந்தப் பந்தயக் குதிரை அல்ல. வாவிக் கரையிலும் ரோட்டோரத்திலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடக்கிற மட்டக் குதிரை. அதற்கு ஐஸும் இல்லை, களிமண்ணும் இல்லை, கோல் குத்தித் தரை பார்க்க ஆளும் இல்லை. ஏப்ரல் முழுவதும் காலையிலிருந்து மாலைவரை அதன் தரை தார். தாரைவிட இறுகிய திடலை எந்தக் கோடையும் செய்ய முடியாது.

ஆகவே அடுத்த ஏப்ரலில் மலையேறப் போகிற கல்முனைச் சனங்களே, பிள்ளை குதிரை ஏற அடம்பிடித்தால் ஏற்ற முன்னர் ஒரு நிமிடம் நில்லுங்கள். அதை நாலு எட்டு நடத்திக் காட்டச் சொல்லுங்கள். முன்னங்கால் ஒன்று தரையில் படும்போதெல்லாம் தலை மேலே தூக்கினால் அந்தக் காலில் நோவு, ஏற்றவேண்டாம். நிற்கும்போது பின்னங்காலைத் தளர்த்தி வைத்தால் பயமில்லை, அது ஓய்வு. முன்னங்காலை முன்னே நீட்டி வைத்துக்கொண்டு நின்றால் அது ஓய்வல்ல, நோவு. கால் சரியென்று கண்டால் ஏற்றுங்கள். பிடித்துக்கொண்டு போகிற தம்பியிடம் ரோட்டால் ஓட்டவேண்டாம், புல்லோரமாய் மெதுவாய் நடத்தச் சொல்லுங்கள். கேட்கிற காசுக்கு மேலே ஐம்பது ரூபா கூடப் போனாலும் பரவாயில்லை.

பின்னால் மட்டும் நிற்காதீர்கள்.